எட்டு மூட்டும் ஒரு டார்ச் லைட்டும்

மேட்டுப்பாளையத்திலிருந்து மலைக்கு ஒரு ரோடு குன்னூர் வழியாகவும் இன்னொரு ரோடு கோத்தகிரி வழியாகவும் ஏறுகிறது. இரண்டிலும் ஓடிக் களைத்த வண்டிகள் வந்து நிற்கும் ஒரு பட்டறையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். தகரக் கூரை, ஆள் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி, மேசையில் பெரிய வைஸ். மூலையில் திருப்பூரிலிருந்து வந்த பனியன் வேஸ்ட் மூட்டை. மேஸ்திரிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கைக்கு உதவியாக ஒரு பையன்.

முதல் நாள் காலையில் கோத்தகிரிப் பக்கம் கேரட் போடும் விவசாயி ஒருவர் வந்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் வண்டி. தோட்டத்து மண் பாதையில் தினமும் ஓடுவது.

“வளைவுல திருப்பினா டக்கு டக்குனு சத்தம் வருதுங்க.”

“எத்தன நாளா வருதுங்க?”

“மூணு மாசம் ஆச்சுங்க. வண்டி ஓடுதேன்னு விட்டுட்டேன்.”

மேஸ்திரி ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடிக்கச் சொன்னார். பிறகு மறுபக்கம், பிறகு ரிவர்ஸில். வண்டியோடு கூடவே குனிந்து நடந்தார். சத்தம் வலது முன்சக்கரத்தில் இருந்தது. “வெளி ஜாயின்ட் போயிருச்சு. உள் ஜாயின்ட்டா இருந்தா ஏத்தத்துல மிதிக்கறப்ப வண்டி உதறும், இப்படித் திருப்பத்துல தட்டாது” என்றார்.

பெட்டியிலிருந்து பழைய ஜீப்பின் கிராஸ் ஜாயின்ட் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். “மடக்கிப் புடிச்சுக்கிட்டுச் சுத்துங்க தம்பி.” சுற்றினேன். நான் ஒரே சீராகச் சுற்றினாலும், மறுமுனை ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்தியது, இரண்டு முறை பிந்தியது. மடிப்பு கூடக்கூட அந்தத் தடுமாற்றமும் கூடியது. திரும்பிக்கொண்டே இழுக்க வேண்டிய முன்சக்கரத்தில் இதை மாட்டினால், ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் கையில் துடிக்கும்.

அந்தத் துடிப்பை இல்லாமல் செய்வதுதான் சி.வி. ஜாயின்ட். எந்தக் கோணத்தில் மடங்கினாலும் உள்ளே வரும் வேகமும் வெளியே போகும் வேகமும் மாறாது. கிண்ணம் போன்ற வெளிக்கூடு, உள்ளே ஒரு குமிழ், இரண்டிலும் வெட்டிய பள்ளங்களில் ஆறு எஃகு உருண்டைகள், அவற்றைப் பிடித்து நிறுத்த ஒரு கூண்டு. மூட்டு மடங்கும்போது அந்தக் கூண்டு உருண்டைகளை எப்போதும் கோணத்தின் சரிபாதியில் நிறுத்துகிறது. சீரான சுழற்சியின் ரகசியம் அந்தச் சரிபாதிதான். ஃபோர்டு கம்பெனிப் பொறியாளர் ஆல்ஃபிரட் ஷெப்பா 1920-களில் கண்டுபிடித்த அமைப்பு இது. 1959-இல் வந்த மினி கார் இதைச் சாதாரண மக்களின் வண்டிக்குள் கொண்டுவந்தது. நம் ஊர்ப் பட்டறைகளுக்கு இது பழக்கமானது 1983-இல் வந்த மாருதி 800-க்குப் பிறகு. அம்பாசடரும் பத்மினியும் பின்சக்கரத்தால் ஓடியவை. அவற்றின் முன்சக்கரத்துக்கு இது தேவைப்படவில்லை. மேஸ்திரியும் மாருதியில்தான் தொழில் கற்றிருக்கிறார்.

சக்கரத்துக்குப் போகும் ஒவ்வொரு ஷாஃப்ட்டுக்கும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என மாருதிக்கு முன்பக்கம் மட்டும் நான்கு மூட்டு. தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள ஆல் வீல் வண்டிக்குப் பின்பக்கமும் நான்கு. ஆக எட்டு. ஒவ்வொன்றையும் காப்பது மடிப்பு மடிப்பான ஒரு ரப்பர் உறை. பட்டறையில் அதை பூட் ரப்பர் என்கிறார்கள்.

வேலை தொடங்கியது. வண்டி தரையில் நிற்கும்போதே பையன் பிரேக்கை மிதித்துக்கொள்ள, மேஸ்திரி ஹப் நட்டின் நசுக்கிய விளிம்பை உளியால் நிமிர்த்தி, நீளக் கம்பி போட்டுத் தளர்த்தினார். பிறகுதான் ஜாக்கி, ஸ்டாண்டு. கியர் ஆயிலை வடித்துவிட்டு, ஆயில் சீலில் கீறல் படாமல் ஷாஃப்ட்டை உருவினார். வைஸில் மரக்கட்டை வைத்து அதைப் பிடித்துக்கொண்டு, எது எதோடு சேர வேண்டும் என்று மார்க்கரால் கோடு போட்டார்.

வலதுபக்க பூட் ரப்பர் ஒரு மடிப்பில் சுற்றிலும் கிழிந்திருந்தது. உள்ளே கிரீஸ் இல்லை, சேறுதான் இருந்தது. மிச்சத்தை என் விரலில் தடவி, “தேச்சுப் பாருங்க” என்றார். நறநறவென்று மணல். டீசலில் கழுவி, குமிழைச் சாய்த்து உருண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். தட்டில் ஆறும் வரிசையாக இருந்தன. எந்தப் பள்ளத்தில் இருந்ததோ அதே பள்ளத்துக்குத்தான் திரும்பப் போக வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பள்ளங்களில் நகத்தை ஓட்டினார். இரண்டில் நகம் தட்டியது. “பளபளன்னு தேஞ்சிருந்தா ஓட்டலாம். குழி விழுந்துட்டா விட்டுரணும். கிரீஸ் குழிய நிரப்பாது.”

இடதுபக்கத்தில் கிழிசல் ஒரு விரல் அகலம்தான். கிரீஸ் கறுத்திருந்தது, ஆனால் மணல் இல்லை. நகம் எங்கும் தட்டவில்லை. ஒரே வண்டி, ஒரே பாதை. ஒரு மூட்டு குப்பைக்குப் போனது, இன்னொன்று பிழைத்தது. வித்தியாசம் சில மாதங்கள்தான்.

பிழைத்த மூட்டுக்கு அவர் செய்த பணிவிடையைப் பார்க்க வேண்டும். மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸைப் பள்ளம் பள்ளமாக விரலால் அழுத்தினார். புது பூட் ரப்பர் கிட்டோடு வந்த அளவு முழுதும் உள்ளே போனது. கையில் கிடைத்த கிரீஸை அவர் தொடுவதே இல்லை. புது ரப்பரின் ஓரத்தில் மெல்லிய ஸ்க்ரூ டிரைவரைச் செருகி, அடைபட்ட காற்றை வெளியே விட்டுவிட்டு கிளாம்ப்பை இறுக்கினார். ஹப்புக்குப் புது நட். அதையும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முடுக்கினார்.

பின்பக்கத்தையும் விடவில்லை. “பின்சக்கரம் திரும்பறதில்ல. அதனால சத்தம் காட்டிக் குடுக்காது. பார்த்தாத்தான் தெரியும்” என்று டார்ச்சோடு குழியில் இறங்கினார். ஒரு ரப்பரில் குச்சி கீறிய தடம் இருந்தது, இன்னும் கிழியவில்லை. விவசாயியை அழைத்துக் காட்டி, சில எச்சரிக்கைகளும் சொன்னார். பிரஷர் தண்ணீரை பூட் ரப்பர் மேல் நேராக அடிக்க வேண்டாம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தபடி ஆக்சிலேட்டரை ஓங்கி மிதிக்க வேண்டாம். உயரத்துக்காக ஸ்பிரிங் மாற்றினால் மூட்டின் கோணம் கூடி ஆயுள் குறையும். நாலு டயரும் ஒரே அளவில், ஒரே தேய்மானத்தில் இருக்கட்டும். பையனுக்குத் தனியாக ஒரு பாடம்: “ரெண்டு சக்கரத்தை மட்டும் தூக்கிட்டு கியர்ல போட்டுறாத. தரையில இருக்கற ரெண்டும் இழுத்து, வண்டி ஸ்டாண்ட விட்டுக் குதிச்சிரும்.”

சாயங்காலம் டீ குடிக்கும்போது கேட்டேன்: “இவ்வளவு கழுவித் துடைக்கறதுக்கு ஷாஃப்ட்டையே மாத்திடலாமே, அண்ணா?”

“மாத்தறது சுலபம் தம்பி, எனக்கும் லாபம். நல்லா இருக்கற எஃகைத் தூக்கிப் போட மனசு வரலீங்க. ஆனா ஒண்ணு, சாமானுக்குக் காசு தருவாங்க, பார்த்ததுக்குத் தரமாட்டாங்க.”

அந்தக் கடைசி வார்த்தை என்னை விட்டு இன்னும் போகவில்லை. பூட் ரப்பர் சில நூறு ரூபாய். மூட்டு பல ஆயிரம். இரண்டுக்கும் நடுவே நிற்பது, குழியில் இறங்கி டார்ச் அடித்துப் பார்க்கும் ஒரு மனிதரின் கால் மணி நேரம். நாம் மதிப்புக் கொடுக்காத வேலை அதுதான்.

அடுத்த முறை ஆயில் மாற்றப் போகும்போது, முன்சக்கரங்களை முழுக்கத் திருப்பி வைத்து எல்லா பூட் ரப்பரையும் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருந்தால் அன்றைக்கே வேலைக்கு விடுங்கள். பார்த்துவிட்டு “ஒண்ணுமில்ல, நல்லா இருக்கு” என்று மெக்கானிக் சொன்னால், அந்தப் பார்வைக்கும் கூலி கொடுங்கள்.