56 ஏ.பி.ஓ.

எங்க ஐயன் குதிரைப்படைக்காரர். இப்படிச் சொன்னால் என் பேரன், வாளும் கையுமாகக் குதிரை மேல் ஒருவரைக் கற்பனை செய்துகொள்கிறான். ஐயன் ஓட்டியது டாங்கி. ஆற்காட்டு நவாப் காலத்தில் தொடங்கிய பழைய மதராஸ் குதிரைப்படை, குதிரைகளை விட்டுவிட்டு மோட்டாருக்கு மாறிய பிறகும் பெயரை மட்டும் விடவில்லை. 16வது லைட் கேவல்ரி. நம் தென்னாட்டு ஆட்கள் நிறைந்த ரெஜிமெண்ட். அதில் ஐயன் செஞ்சூரியன் டாங்கி டிரைவர். அது ஐம்பது டன் இரும்பு. ஊரில் எங்களுக்கு இருந்ததோ ஒரு மாட்டுவண்டி.

நெகமத்துக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் அம்மா, அப்பத்தா, நான், தங்கச்சி. 1965-ல் எனக்கு ஒன்பது வயது.

அந்த வருஷம் ஆரம்பமே சரியில்லை. இந்தி எதிர்ப்புப் போராட்டம். பிப்ரவரி 12 அன்று பொள்ளாச்சியில் ராணுவத்தை இறக்கித் துப்பாக்கிச் சூடு நடந்து, பலர் செத்துப்போனார்கள். அப்புறம் கொஞ்ச நாள், சந்தைக்குப் போனால் "பட்டாளத்தான் ஊடு" என்று எங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஐயனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அவர் எங்கேயோ வடக்கே இருந்தார். ஆனாலும் உடுப்போடு அவர் நின்ற போட்டோவை அம்மா சுவரிலிருந்து கழற்றிச் சோளக் குதிருக்குப் பின்னால் வைத்துவிட்டாள். செப்டம்பரில் பாகிஸ்தான் சண்டை வந்ததும் அதே ஆட்கள் வீடு தேடி வந்து, "அண்ணன் கடுதாசி போட்டாரா அம்மிணி?" என்று விசாரித்தார்கள். போட்டோ குதிருக்குப் பின்னாலேயே இருந்தது.

ஐயன் கடிதத்தில் ஊர்ப்பேரே இருக்காது. 56 ஏ.பி.ஓ. என்று மட்டும் போட்டிருக்கும். அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் எழுத்துத் தெரியாது. நான்தான் படிக்க வேண்டும். தலையில் பெரிதாக ஒரு பிள்ளையார் சுழி, அதன் கீழ் நலம் நலமறிய ஆவல், மாடு எப்படி, கிணத்தில் தண்ணி எவ்வளவு, அம்மாவைப் பார்த்துக்கொள். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருக்காது.

ஆகஸ்ட் கடைசியில் ஒன்று வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. பஞ்சாயத்து ரேடியோவில் செப்டம்பர் 6 லாகூர் என்றார்கள், 8 சியால்கோட் என்றார்கள். பில்லோரா பிடிபட்டது, சவிண்டாவில் டாங்கிச் சண்டை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். டாங்கி என்ற சொல் வந்ததும் அப்பத்தா எழுந்து கட்டுத்தரைப் பக்கம் போய்விடுவாள். 23-ந் தேதி சண்டை நின்றது. தபால்காரர் சைக்கிள் எங்கள் வண்டித்தடத்தில் திரும்பவே இல்லை.

அக்டோபரில் வந்தது. பிரித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அது ஐயன் கையெழுத்து இல்லை. ஐயனுடைய எழுத்து கோணல்மாணலாக, ஏறி இறங்கி இருக்கும். இது முத்து முத்தாக நின்றது. சமாசாரம் மட்டும் அதே சமாசாரம்: நலம், மாடு, கிணறு. நான் ஒன்றும் சொல்லாமல், எப்போதும் படிக்கிற மாதிரியே, கடைசி வரைக்கும் சத்தமாகப் படித்துவிட்டேன். அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அடுத்து வந்த மூன்று கடிதங்களும் அந்த முத்து எழுத்துத்தான். மூன்றையும் அப்படியே படித்தேன்.

தாஷ்கண்டில் ஒப்பந்தம் ஆகி, சாஸ்திரி அங்கேயே இறந்துபோய், அதற்கும் ரெண்டு மாசம் கழித்து ஐயன் லீவில் வந்தார். வலது கையில் தோல் வழுவழுவென்று மின்னியது. ரெண்டு விரல் மடங்கியது மடங்கியபடி இருந்தது. டாங்கியில் அடி விழுந்து தீப்பிடித்தபோது, வெளியே வரச் சுட்ட இரும்பைப் பிடித்திருக்கிறார். கடிதம் எழுதிக் கொடுத்தவர் அதே டாங்கியின் வயர்லெஸ்காரர், வேலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்.

சண்டையைப் பற்றி ஐயன் பேசியது சொற்பம். பேசினால் கரும்பைப் பற்றித்தான் பேசுவார். "நம்மூர்க் கரும்புக்காடாட்டவேதான் இருந்துச்சு. அதுக்குள்ள உட்டு ஓட்டோணும். பெட்ரோல் நாத்தமும் கரும்புப்பால் வாசமும் கலந்து வரும் பாரு..." அதற்கு மேல் வாக்கியம் போகாது. ஒரு தடவை மட்டும், ஆளெல்லாம் ஓடிப்போன ஒரு ஊரில் கட்டுத்தரையில் கட்டியபடியே ஒரு எருமை கத்திக்கொண்டிருந்ததையும், இறங்கிப் போய் அவிழ்த்துவிட்டு வந்ததற்கு அதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதையும் சொன்னார். பண்ணையத்துக்காரர் வேறென்ன செய்வார்?

ஐயன் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு நாள், அம்மா சந்தகைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது, அந்தக் கடிதங்களை மறைத்துப் படித்த கதையை அவளிடம் சொன்னேன். நாற்பது வருஷமாக மனதில் கிடந்த விஷயம்.

அவள் நிமிரக்கூட இல்லை. "தெரியும். மேல பிள்ளையார் சுழி இல்லையே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் ஏன்மா ஒண்ணுமே கேக்கலை?"

"எப்படிக் கேக்கறது சாமி? நீ அவ்வளவு சத்தமாப் படிச்சுட்டிருந்தே."