தாங்குமாலே?

தாராவியில் அப்பா இட்லி விற்றுச் சேர்த்த பணத்தில் வாங்கித் தந்த கணினி அது. அதில் ஆர்.டி.எக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு பொருத்த ஆசைப்பட்டு, டியூஷன் பணத்துடன் லாமிங்டன் சாலைக்குப் புறப்பட்டேன்.

"கரண்டு தாங்குமாலே?" என்றார் அப்பா. மாவாட்டும்போதெல்லாம் பியூஸ் போவதைக் கண்டவர் அல்லவா!

"எஸ்.எம்.பி.எஸ். 450 வாட், அப்பா!" என்றேன் பெருமையாக. ஆயினும் மனம் உறுத்தவே, பெட்டியைத் திறந்து அதன் சீட்டைப் படித்தேன். கார்டுக்கு வேண்டிய 12 வோல்ட் வழியில் 14 ஆம்பியரே இருந்தது. பெருக்கினால் 168 வாட். கார்டு ஒன்றே 170 கேட்கும்; பிராசசருக்கு 65 வேறு! எட்டு முனை இணைப்பும் இல்லை.

அன்று 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். மட்டும் வாங்கித் திரும்பினேன். கார்டு தீபாவளிக்கு வரட்டும். பெரிய எண்ணை நம்பி, அப்பாவின் உழைப்பையன்றோ எரிக்க இருந்தேன்!