போச்சு!

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. மார்ச் 31, அதுக்கப்புறம் ஆடிட், அதுக்கப்புறம் இன்ஸ்பெக்‌ஷன்னு மூச்சு விட நேரமில்லை. வங்கியில வேலை பார்க்கிறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். மத்தவங்க மன்னிச்சுக்கோங்க.

இன்னிக்கு விஷயம் கடன், வட்டி எல்லாம் இல்லைங்க. பொம்மைப் புத்தகம். தடவிப் பார்க்கிற புத்தகம், அட்டையைப் பிடிச்சு இழுத்தா பஸ் கதவு திறக்கிற புத்தகம், அந்த வகை. வீட்டில் ரெண்டு வயசுப் பிள்ளை இருக்கிறவங்க மேலே படிங்க.

புரமோஷனோட வந்த டிரான்ஸ்ஃபர்ல அகமதாபாத்துக்கு வந்து மூணு வருஷம் ஆகப்போகுது. வீடு மணிநகர்ல. நம்மாட்கள் நிறைய இருக்கிற ஏரியா, இட்லி மாவுக்குக் கவலையில்லை. நாங்க வந்தப்போ மகள் கைக்குழந்தை. எனக்கு நாற்பதைத் தாண்டிப் பிறந்தவ. நானும் வீட்டுக்காரம்மாவும் வேலைக்குப் போறதால, காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஏழு வரைக்கும் அவளைப் பார்த்துக்கிறது ஒரு குஜராத்தி அம்மா. எல்லாரையும் போல நாங்களும் 'மாசி'ன்னுதான் கூப்பிடுவோம், நம்ம சித்தி, பெரியம்மா மாதிரி.

ரெண்டு வயசு முடிஞ்சும் மகள் சரியாப் பேசலை. ஞாயிற்றுக்கிழமை மதுரைக்குப் போன் போட்டா எங்கம்மாவோட முதல் கேள்வியே, "ஏப்பா, புள்ள இன்னும் 'அப்பத்தா'ன்னு சொல்லலையா?" அதுதான். எதிர்வீட்டுப் பையன் ஒன்றரை வயசுல பாட்டே பாடினான்னு அடுத்த வரி வரும். நான் சிரிச்சு மழுப்பிட்டு வச்சிருவேன். ராத்திரி தூக்கம் வராது.

கடைசியில் குழந்தை டாக்டர்கிட்ட போனோம். காது சோதனை சரியா இருந்துச்சு. "எத்தனை வார்த்தை பேசுறா?"ன்னு கேட்டார். "எட்டு, பத்து இருக்கும்"னேன். "அது வீட்டு மொழியில. பார்த்துக்கிற அம்மாகிட்ட எத்தனை?"

எனக்குத் தெரியலைங்க. ஒரு கிளையோட எல்லாக் கணக்கையும் விரல் நுனியில வச்சிருக்கிறவனுக்கு, சொந்த மகள் பகல் முழுக்க என்ன பேசுறான்னு தெரியலை. "ரெண்டு மொழியில வளர்ற குழந்தைக்கு ரெண்டையும் சேர்த்துத்தான் எண்ணணும். எழுதிக்கிட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டார்.

அன்னிக்கே ஒரு நோட்டுல ரெண்டு பத்தி போட்டேன். இடது பக்கம் தமிழ், வலது பக்கம் குஜராத்தி. பி.காம் படிச்சவன் வேற என்ன செய்வான்!

புத்தகம் வாங்கினதும் அந்த வாரம்தான். எல்லிஸ் பாலத்துப் பக்கம் சபர்மதிக் கரையில் ஞாயிறுதோறும் குஜரி பஜார் கூடும். பழைய கட்டில், பாத்திரத்துக்கு நடுவுல பழைய புத்தகமும் கிடைக்கும். அங்கே ரெண்டு எடுத்தேன். ஒண்ணு பண்ணை விலங்குப் புத்தகம். ஆட்டுக்குக் கம்பளி ஒட்டியிருக்கும், பன்றி மூக்கு வழவழன்னு இருக்கும். இன்னொண்ணு இழுக்கிற பஸ் புத்தகம்.

இது புதுச் சமாச்சாரம்னு நினைச்சிருந்தேன். தேடிப் பார்த்தா, ஜெர்மனியில் லோதர் மெக்கெண்டோர்ஃபர்ங்கிறவர் 19ஆம் நூற்றாண்டிலேயே அட்டையை இழுத்தா ஆள் கை கால் ஆட்டுற மாதிரி புத்தகம் செஞ்சிருக்கார். தொட்டுப் பார்க்கிற புத்தகத்துல பேர் போன 'பேட் த பன்னி' வந்தது 1940ல. கதவு மாதிரித் திறந்து பார்க்கிற 'வேர்ஸ் ஸ்பாட்?' 1980ல.

சரி, கதைக்கு வருவோம். மூணாவது நாள் ஆபீஸ்ல ஏகப்பட்ட டென்ஷன். வீட்டுக்கு வந்தா பஸ் புத்தகத்தோட இழுப்பு அட்டை தனியா மகள் கையில. "இழுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது!"ன்னு கத்திட்டேன். அவ அழலை. அட்டையைக் கீழே வச்சுட்டு மாசி பின்னாடி போய் நின்னுக்கிட்டா. மாசி கிளம்பும்போது இந்தியில மெதுவாக் கேட்டாங்க: "சார், இழுக்கக் கூடாதுன்னா அதை எதுக்கு அதுல வச்சிருக்கான்?"

அதுக்கப்புறம் ஒரு வாரம் அவ என்கிட்ட புத்தகமே கொண்டுவரலை. நான் உட்கார்ந்திருந்தாலும் என்னைத் தாண்டி மாசிகிட்ட போவா. அந்த ஒரு வாரம் எப்படி இருந்துச்சுன்னு எழுத வரலை.

ஒரு சனிக்கிழமை எனக்கு லீவு. பக்கத்து அறையில இருந்து கவனிச்சேன். மாசிக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால எழுத்துப் பக்கமே போகலை. பிள்ளை விரலைப் பிடிச்சு ஆட்டு மேல வச்சாங்க, காத்திருந்தாங்க, அவ முகத்தைப் பார்த்தாங்க, அப்புறம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க. நான் என்ன செய்வேன் தெரியுமா? ரெண்டு நிமிஷத்துல எல்லா வரியையும் படிச்சு முடிச்சு, ஒரு பக்கத்துல நாலு கேள்வி கேட்பேன். இன்ஸ்பெக்‌ஷன் மாதிரி.

அப்பதான் மகள் ஆட்டைத் தடவிக்கிட்டே, "போச்சு!"ன்னா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தமிழ்! கிழிஞ்ச புத்தகத்தை நினைச்சு 'போச்சு'ங்கிறாளோன்னு மனசுக்குக் கஷ்டமாவும் இருந்துச்சு. இடது பத்தியில எழுதிட்டேன். மாசி பார்த்துச் சிரிச்சாங்க. குஜராத்தியில 'போச்சு'ன்னா மெத்துன்னு இருக்கிறதாம்! பன்றி மூக்கு 'லீசு', அதாவது வழவழப்பு. ஜர்னல் என்ட்ரி போட்டு வலது பக்கத்துக்கு மாத்தினேன். ரெண்டு வாரக் கடைசியில தமிழ் 11, குஜராத்தி 34. டாக்டர் பார்த்துட்டு, "பயப்பட ஒண்ணுமில்லை, ஆறு மாசம் கழிச்சு வாங்க"ன்னார்.

அன்னிக்கு ராத்திரியிலிருந்து நானும் எழுத்தை விட்டுட்டேன். விரல் முதல்ல, வார்த்தை அப்புறம். நம்ம மொழியில இதுக்கு எவ்வளவு வார்த்தை இருக்குங்க! மெத்துமெத்து, வழவழ, சொரசொர, பிசுபிசு, கொழகொழ, புசுபுசு. எல்லாமே ரெட்டை ரெட்டையா வந்து பிள்ளை வாயில அப்படியே உட்காருது. மகளோட முதல் பெரிய தமிழ் வார்த்தை 'அப்பத்தா' இல்லை, 'சொசொச'. அதாவது சொரசொர. என் தாடியைத் தொட்டுச் சொன்னா.

இழுக்கிற புத்தகத்துல இந்த அளவுக்கு வார்த்தை வரலை. கை வேலையிலேயே கவனம் போயிடுது. 2010ல அமெரிக்காவுல வெளியான ஒரு ஆய்வும் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லுது: இழுக்கிற, திறக்கிற வேலைப்பாடு உள்ள புத்தகத்தைவிடச் சாதாரணப் புகைப்படப் புத்தகத்துலதான் சின்னப் பிள்ளைங்க விலங்குப் பேரை நல்லாக் கத்துக்கிட்டாங்களாம். அதுக்காகத் தூக்கிப் போட வேண்டாம். அது விரலுக்கும் சந்தோஷத்துக்கும்.

தீபாவளிக்கு முன்னாடி எங்கம்மா சென்னை வந்து நவஜீவன்ல ஏறி இங்கே வந்தாங்க. மகள் ரெண்டு மணி நேரம் கிட்டயே போகலை. அப்புறம் மெதுவா மடியில ஏறி, அம்மாவோட சுருங்கின கன்னத்தை ஒரு விரலால தடவிட்டு, "போச்சு"ன்னா.

அம்மா அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஆமாடி என் ராசாத்தி, எல்லாம் போச்சு. இனி நீதான்"னு சிரிச்சாங்க. நான் அர்த்தம் சொல்ல வாயெடுத்தேன், தொண்டை அடைச்சுக்கிச்சு. மறுநாள்தான் சொன்னேன். இப்ப அந்த வார்த்தை ரெண்டு பத்தியிலயும் இருக்கு. ஆடிட்டர் பார்த்தா ஒத்துக்க மாட்டார்.

போன வாரம் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துருச்சு. தமிழ்நாட்டுக்கே. எல்லாரும் வாழ்த்து சொல்றாங்க. எனக்கோ வலது பத்தியைப் பார்த்தாத்தான் வயித்தைப் பிசையுது. போற இடத்துல அந்த 34க்கும் பதில் சொல்ல யார் இருப்பா?

அதனால கெட்டி அட்டையில ஒரு புத்தகம் ஒட்டிக்கிட்டு இருக்கேன். தேங்காய் நார், உப்புத்தாள், சாக்குத் துணி, வெல்வெட் எல்லாம் உண்டு. மாசி அவங்க பாந்தனி துப்பட்டாவில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாங்க, முடிச்சு போட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியா மேடா இருக்கு. எதிர்ப் பக்கத்துல எங்கம்மாவோட பழைய சுங்குடி. மதுரையில சுங்குடிக்குப் பேர் வாங்கித் தந்தவங்க சௌராஷ்டிரர்கள், அவங்க முன்னோர் இந்தக் குஜராத் பக்கத்துலருந்து வந்தவங்க. ரெண்டையும் தடவிப் பார்த்தா கைக்கு வித்தியாசமே தெரியலை.

செஞ்சு பார்க்க நினைக்கிறவங்களுக்கு: பொத்தான், மணி, பயறு ஒட்டாதீங்க, வாயில போட்டுக்கும். பழைய புத்தகம் வாங்கினா ஈரத்துணியால துடைச்சு வெயில்ல காயவைங்க. அறுந்த இழுப்பு அட்டைக்கு செலோடேப் வேண்டாம், பிளவுல சிக்கிக்கும். சட்டை டப்பா அட்டையில ஒரு கீற்று வெட்டி ஒட்டினா போதும். எங்க பஸ் கதவு இப்ப நல்லாத் திறக்குது. நானே சரி பண்ணினேன், முதல் இழுப்பு அவதான்.

உங்க வீட்டுக் குட்டிங்க எந்தெந்த மொழியில என்ன சொல்றாங்க? எழுதுங்க, படிக்க ஆசையா இருக்கேன்.