ராணியைத் தேடிய ஞாயிறுகள்

சொல்லின் இனிமையைக் கூறவந்தால் தேனையே உவமை காட்டுவது தமிழர் வழக்கம். ஆயின், அத்தேனைச் சேர்த்துவைக்கும் சிற்றுயிரின் இல்லத்துள் எட்டிப் பார்த்தவர் நம்முள் மிகச் சிலரே. புனே நகரில், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர் பணியும் குடியிருப்பின் பின்புறம் நான்கடித் தோட்டமுமாய் வாழும் எங்களுக்கு அந்தப் பேறு கிட்டியது. எங்களுக்கு என்றது கணவன் மனைவி இருவரையும் சேர்த்துத்தான். 1962 முதல் இந்நகரில் இயங்கிவரும் மத்தியத் தேனீ ஆராய்ச்சி, பயிற்சி நிலையத்தில் சில நாள் பாடம் கேட்டு, இந்தியத் தேனீக் குடும்பம் ஒன்றை வாங்கி முருங்கை நிழலில் வைத்தோம்.

ஞாயிறுதோறும் வெயில் ஏறிய பின் பெட்டியைத் திறப்போம். புகை சிறிதே காட்டி, மேல்மூடியை நீக்கி, சட்டங்களை ஒவ்வொன்றாய்த் தூக்குவோம். தேன் எவ்வளவு, மகரந்தம் எவ்வளவு என்பதெல்லாம் எங்களுக்கு இரண்டாம் பட்சம். ராணியைக் கண்ணாரக் கண்டால்தான் அன்றைய ஆய்வு நிறைவுற்றதாகத் தோன்றும்.

கலக்கமில்லாத வேளையில் அவளைக் காண்பது ஓர் அரிய காட்சி. நீண்ட வயிறு சிறகுகளைக் கடந்து நிற்க, அவசரமின்றி அறை அறையாய் நடப்பாள். முதலில் தலையை நுழைத்து அறை தூய்மையாக உள்ளதா என்று பார்ப்பாள். பின்பு திரும்பி வயிற்றை உள்ளிறக்கி ஒரு முட்டை வைப்பாள். பணித்தேனீக்கள் சில அவளை நோக்கி முகம் வைத்து வட்டமாய்ச் சூழ்ந்து நிற்கும்.

மூடியைத் திறந்ததும் இக்காட்சி குலையும். ஒளி அவளுக்கு ஆகாது. சட்டத்தின் இப்பக்கம் பார்த்தால் அப்பக்கம் போவாள். அப்பக்கம் திருப்பினால் விளிம்பைக் கடந்து மறைவாள். சில வேளை பெட்டியின் மூலையிலேயே ஒதுங்கிவிடுவாள். பணித்தேனீக்களும் அங்குமிங்கும் ஓடி, அடையின் கீழ்விளிம்பில் கொத்தாய்த் தொங்கும். 1960களில் வட இந்தியாவில் வேரூன்றிய இத்தாலியத் தேனீ இவ்வளவு பதறுவதில்லை. அதன் ராணி, சட்டம் கையில் இருக்கும்போதே முட்டையிடுவதும் உண்டு. நம் நாட்டுத் தேனீ அச்சமிகுந்தது. அடிக்கடி தொல்லைப்பட்டால் பெட்டியையே துறந்து போய்விடும்.

மேலிடத்து ஆய்வுக் குழு வரும் நாளில் அலுவலகத்தில் நடப்பதும் இதுதானே! கோப்புகள் வரிசையாய் நிற்கும், நாற்காலிகள் நிமிர்ந்திருக்கும், வேலை மட்டும் நடவாது. அதைப் பற்றி வாரக்கணக்கில் குறைகூறும் நாங்கள், எங்கள் பெட்டிக்கு நாங்களே ஆய்வுக் குழுவாய் இருந்ததை உணரவில்லை.

2022 மார்ச்சில் சென்னையிலிருந்து உறவினர் வந்திருந்தனர். காலையில் ஒருமுறை திறந்து மூடிய பெட்டியை, குழந்தைகள் ராணியைக் காட்டச் சொன்னார்கள் என்று மாலையில் மீண்டும் திறந்தோம். அவசரத்தில் ஒரு சட்டம் பக்கத்துச் சட்டத்தோடு உரசியது. ராணி வெருண்டு ஓடினாள். மறுகணம் பணித்தேனீக்கள் அவள்மேல் மொய்த்து, எலுமிச்சங்காய் அளவுக்கு ஓர் உருண்டையாய்த் திரண்டன. "பாருங்கள், தம் அரசியைக் காப்பாற்றுகின்றன!" என்று குழந்தைகளுக்கு விளக்கமும் சொன்னோம்.

அது காவலன்று. பெட்டி முரட்டுத்தனமாய்க் கையாளப்பட்டால், கலவரமுற்ற தேனீக்கள் சில வேளை தம் ராணியையே பகையென எண்ணி நெருக்கிக் கொன்றுவிடும். அப்போதே மெல்ல மூடிவிட்டு விலகியிருந்தால் அவள் பிழைத்திருக்கக்கூடும். பயிற்சியில் கேட்ட பாடம் அந்த வேளையில் நினைவுக்கு வரவில்லை. மறுநாள் காலை வாசற்பலகையின் கீழே அவள் கிடந்தாள். அலுவலகத்துக்குப் புறப்பட்ட எங்களுக்கு அன்று உணவு இறங்கவில்லை.

ராணியின் உடலில் சுரக்கும் மணம் பணித்தேனீக்களின் வாய்வழியும் உணர்கொம்புவழியும் கூடெங்கும் பரவியிருக்கும். அது குறைந்ததும் கூட்டின் ஓசையே மாறியது. விம்முவது போன்றதோர் இரைச்சல் எழுந்தது. ஆயினும் அவை செயலற்றுவிடவில்லை. மிக இளம் புழுக்கள் சிலவற்றைத் தேர்ந்து, அறையை நீட்டி, அரசக்கூழ் ஊட்டிப் புதிய ராணியை வளர்க்கத் தொடங்கின. அவள் வெளிப்பட்டு, வானில் பறந்து ஆண் தேனீக்களுடன் கூடித் திரும்பி, முட்டையிட ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அந்த ஒரு மாதமும் பெட்டியைத் தொடலாகாது.

பொறுக்க முடியவில்லை. இரண்டாம் ஞாயிறு மூடிமேல் கை வைத்தபோது, திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா கேட்டார்: "ஏண்டா, உறை ஊத்தின பாலை ஆட்டி ஆட்டிப் பார்த்தா தயிராகுமா?" கையை எடுத்துக்கொண்டோம்.

அந்நாள்களில்தான் பிரான்சுவா ஊபர் என்பவரைப் பற்றிப் படித்தோம். 1750இல் ஜெனிவாவில் பிறந்த அவர் இளமையிலேயே பார்வையை இழக்கலானார். புத்தகத்தின் தாள்கள்போல் விரியும் கூடு ஒன்றை அமைத்து, உதவியாளர் பூர்னென் கண்டு சொன்னவற்றைக் கேட்டு ஆராய்ந்தார். ராணி கூட்டுக்கு வெளியே பறந்து சென்றே கூடித் திரும்புகிறாள் என்பதை நிறுவியவர் அவரே. 1792இல் வெளிவந்த அவரது நூல் தேனீ ஆராய்ச்சிக்கு அடிப்படையாயிற்று. பார்வையிழந்த அவர், ஞாயிறுதோறும் கண்ட எங்களைவிட அவளை நன்கறிந்திருந்தார்.

ஒரு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தோம். நடுச்சட்டம் ஒன்றை மட்டும் தூக்கி, வெயில் முதுகுப்புறமிருக்க அறைகளுள் நோக்கினோம். அறைக்கொன்றாய், வெண்ணூல் துணுக்குப் போன்ற முட்டைகள் அடியில் ஒட்டி நின்றன. முட்டை மூன்று நாளில் புழுவாகிவிடும். ஆகவே, முட்டை இருந்தால் மூன்று நாளுக்குள் ராணி அங்கு வந்து சென்றிருக்கிறாள் என்று பொருள். புதியவளைத் தேடவில்லை. சட்டத்தை இறக்கி மூடினோம். அன்று முதல் எங்கள் ஆய்வின் விதி இதுவே: அறைக்கொரு முட்டை கண்டால் அதற்குமேல் துருவுவதில்லை.

எங்கள் மகன் இவ்வாண்டு பொதுத்தேர்வு எழுதுகிறான். முன்னெல்லாம் நாழிகைக்கொரு முறை அவன் அறைக்கதவைத் திறந்து, படிக்கிறானா என்று பார்ப்போம். திறக்கும்போதெல்லாம் படிப்பு நிற்கும். இப்போது திறப்பதில்லை. கதவின் கீழே விளக்கொளி தெரிகிறது. தாள் புரளும் ஓசை கேட்கிறது. அதுவே போதும் என்று இருக்கப் பழகிவருகிறோம்.