மிளகு தானே கறுத்தது

மாற்றத்தைச் சொல்லும் ஆங்கில வினைச்சொற்களை நான் பட்டியல் போட்டுக் கற்பிப்பதில்லை. சேஞ்ச், பிகம், டேர்ன், க்ரோ, கெட், கோ, ஆல்டர், கன்வேர்ட் என்று வரிசையாக எழுதி, எல்லாவற்றுக்கும் ‘மாறு’ என்று ஒரே பொருள் போட்டு மனப்பாடம் செய்த பிள்ளை, கட்டுரை எழுத உட்காரும்போது எதை எடுப்பதென்று தெரியாமல் திகைத்து நிற்கும். ஒத்தசொல் என்று சொல்லிக் கொடுத்துவிட்டோமே தவிர, ஒன்றிருக்கும் இடத்தில் இன்னொன்று உட்காராது. 1852இல் ஆங்கிலச் சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து வெளியிட்ட பீட்டர் மார்க் ரொஜே ஒரு மருத்துவர். அவர்கூட மாற்றத்தை ஒரே கூடைக்குள் போடவில்லை. மெல்ல நடப்பதற்கு ஓரிடம், திடீரென நடப்பதற்கு வேறிடம், பழைய நிலைக்குத் திரும்புவதற்கு இன்னோரிடம் என்று பிரித்தே வைத்தார்.

மாத்தளையில் இதைக் கற்பிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். இங்கே வீட்டு முற்றத்திலேயே பொருள்கள் நிறம் மாறுகின்றன. கொடியிலிருந்து பச்சையாகப் பறித்த மிளகை வெயிலில் பரப்பினால் தோல் சுருங்கிக் கறுக்கிறது. அதற்கு டேர்ன். நிறம் மாறுவதைக் கண்ணால் காணும் இடங்களில் ஆங்கிலம் பெரும்பாலும் அந்தச் சொல்லைத்தான் தேடிப்போகும். அதே மிளகு மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்தால் டேர்ன் சரிவராது, கோ வேண்டும். பால் புளித்தாலும், கண் பார்வை இழந்தாலும், கடை நொடித்தாலும் கோதான். பொழுது இருட்டுவதற்கும் ஆள் முதுமையடைவதற்கும் க்ரோ. அதில் நேரம் கரைவது தெரியும். 1972 மே 22இல் இலங்கை குடியரசானதைச் சொல்லப் பிகம்தான் வேண்டும். ஒரு நாடு புதிய தகுதியை அடைவதை டேர்னோ க்ரோவோ தாங்காது.

கோ கெடுதலின் பக்கம் போவதைப் பிள்ளைகளுக்கு விளக்க நான் அதிகம் பாடுபடுவதில்லை. நம் பேச்சில் சோறு கெட்டுப்போகிறது, கொழுந்து காய்ந்துபோகிறது, காரியம் மட்டும் சரிவருகிறது. கனவு பலித்தால் ஆங்கிலத்திலும் அது கம் ட்ரூ. போவதும் வருவதும் இரண்டு மொழியிலும் இவ்வளவு ஒத்துப்போவதைக் கண்டால் வகுப்பில் ஒரு சந்தோஷம் பிறக்கும். அந்தச் சந்தோஷத்துக்காகவே இந்தப் பாடத்தை நான் அவசரப்படுத்துவதில்லை.

கடினமான இடம் வேறு. ‘மிளகு கறுத்தது’ என்பதை எழுதச் சொன்னால், நன்றாகப் படிக்கிற பிள்ளையே ‘த பெப்பர் வோஸ் டேர்ன்ட் பிளாக்’ என்று எழுதும். கொழுந்து வாடியதற்கு ‘த லீஃப் வோஸ் விதர்ட்’. சிவப்பு மையால் அந்த வோஸைச் சுழித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் அது அறியாமையால் வந்த வோஸ் அல்ல. தமிழில் வாடுவது வேறு, வாட்டுவது வேறு. உருகு, உருக்கு, மாறு, மாற்று, திருந்து, திருத்து என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் சொல்லின் உடம்பிலேயே நாம் அடையாளம் வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் கொழுந்து தானாக வாடினாலும் விதர், தேயிலைத் தொழிற்சாலையில் அதை ஆள் வாட்டினாலும் விதர். இந்த வேறுபாட்டைக் காட்டாமல் விட மனம் வராத பிள்ளை, கைக்குக் கிடைத்த வோஸை எடுத்து ஒட்டுகிறது. எல்கடுவைத் தோட்டப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைக்குக் கொழுந்து வாடுவதும் அதை வாட்டுவதும் வீட்டார் வாயிலிருந்தே தெரிந்த வேலை. அங்கிருந்துதான் நான் விளக்கத்தைத் தொடங்குவேன். ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம்மைப்போல் பிரித்துப் பேசியது என்பதற்கு ரைஸ், ரெய்ஸ் என்ற இணை இன்னும் சாட்சியாக இருக்கிறது. மரம் விழுவதற்கு ஃபோல், வெட்டி வீழ்த்துவதற்கு ஃபெல். இதைக் கேட்டதும் பிள்ளைகள் வேறு இணைகளைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த விஷயத்தில் என்னைப் பலமுறை பிரமிக்க வைத்தவர் தொல்காப்பியர். தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தில் அவர் வகுத்த விதி, இயற்கையாக உள்ளதை உள்ளபடி சொல், செயற்கையால் வந்ததை ‘ஆயிற்று’ போன்ற ஆக்கச்சொல் கொடுத்துச் சொல் என்பது. அந்த ஆக்கத்துக்கு முன்னே காரணம் வர வேண்டும் என்றும் சொல்கிறார். பேச்சு வழக்கில் காரணம் விடுபட்டாலும் குற்றமில்லை என்றும் இடம் கொடுக்கிறார். எருவிட்டுக் களை பிடுங்கி நீர் பாய்ச்சியதால் பயிர் நல்லதாயிற்று என்பது உரையாசிரியர்கள் காட்டும் வகையான உதாரணம். மாற்றத்தைச் சொல்கிறவன் அது எதனால் வந்தது என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று அத்தனை காலத்துக்கு முன்பே ஓர் இலக்கணக்காரர் கேட்டிருக்கிறார். ஆங்கில இலக்கணம் கற்பிக்கும் எனக்கு அது தினமும் உதவுகிறது.

ஏனென்றால் மிளகிலிருந்து நான் அகற்றிய வோஸ் கட்டாயம் இருக்க வேண்டிய இடமும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பற்றி எழுதும்போது, மலையகத் தமிழர் ‘பிகேம் ஸ்டேட்லெஸ்’ என்று பிள்ளைகள் எழுதுவார்கள். இலக்கணப்படி பிழையே இல்லை. ஆனாலும் நான் அங்கே நிற்பேன். வெயிலில் மிளகு கறுத்த மாதிரியா அவர்கள் நாடற்றவர் ஆனார்கள்? ‘வேர் மேட் ஸ்டேட்லெஸ்’ என்று எழுதினால் செய்தவர் ஒருவர் இருந்தது தெரியும். தமிழில் ‘ஆனார்கள்’, ‘ஆக்கப்பட்டார்கள்’ என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னால் வகுப்பு தானே திருத்திக்கொள்ளும்.

2003இல் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்ததை எழுதும் நாளில் விவாதம் இன்னும் நீளும். வேர் க்ராண்டட் என்று சட்டத்தின் சொல்லையே எடுப்பார்கள் சிலர். ரிகெய்ன்ட் என்று எழுதுகிறவர்களும் உண்டு. 1947 பொதுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்துத் தங்கள் உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள், இருந்தது பறிபோய்த் திரும்பியதால் ‘ரி’ வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2003இல் உரிமை பெற்றவர்களில் பலர் 1948க்குப் பிறகு பிறந்தவர்கள், அவர்களிடம் இருந்ததே இல்லாதது எப்படித் திரும்பும் என்று மற்றவர்கள் கேட்பார்கள். நான் எதையும் அழிப்பதில்லை. இரண்டு வாக்கியமும் கரும்பலகையில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதன் காரணத்தை ஆங்கிலத்திலேயே எழுதிக்கொண்டு வரும்படி சொல்லி அனுப்புவேன்.