பாடநூலில் ஒரு தீவு

சமூகக் கல்வியைத் தேர்வுக்குரிய சுமையாகவே நம் மாணவர் பலர் எண்ணுகின்றனர். அஃது ஆங்கிலத்தில் நடத்தப்பெறும் பாடம். தமிழாசிரியனாகிய எனக்கு அதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். எனினும், சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளின் மேல்வகுப்புகளில் 2001ஆம் ஆண்டு அது கட்டாயப் பாடமானது முதல், அந்நூல் என் தமிழ் வகுப்பினுள்ளும் அடிக்கடி நுழைந்தது. பல இனங்கள் வாழும் நாடுகளில் பிணக்கு எவ்வாறு மூள்கிறது என்பதை விளக்க அந்நூல் எடுத்துக்கொண்ட நாடுகள் இரண்டு. ஒன்று வட அயர்லாந்து, மற்றொன்று இலங்கை.

வட அயர்லாந்தைப் பற்றி எவரும் என்னிடம் கேட்டதில்லை. நானாகப் படித்து அறிந்ததே உண்டு. அங்கே வீடில்லாதவர் பலருக்கு உள்ளாட்சித் தேர்தலில் வாக்கும் இல்லாதிருந்தது. வீடு ஒதுக்குவதிலோ பாகுபாடு. 1968இல் மக்கள் தெருவுக்கு வந்ததில் வியப்பென்ன?

இலங்கையைப் பற்றிய கேள்விகளோ ஓயவில்லை. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம், 1970களின் தொடக்கத்தில் தமிழ்வழி மாணவரிடம் கூடுதல் மதிப்பெண் கேட்ட தரப்படுத்தல், 1983 சூலைக் கலவரம் என்று காரணங்களையும் விளைவுகளையும் வரிசை பிறழாமல் ஒப்புவித்த மாணவி ஒருத்தி, இறுதியில், "ஐயா, இதில் தமிழர் என்று எழுதியிருப்பது நம்மையா?" என்றாள்.

உடனே விடைகூற இயலவில்லை. 'நம்மை' என்ற சொல்லுக்குள் எத்தனை பேர்! மலாயாவின் அலுவலகங்களுக்கும் புகைவண்டி நிலையங்களுக்கும் பணியாற்ற வந்த யாழ்ப்பாணத்தார் வேறு, மலையகத்தார் வேறு. என் பாட்டனார் தமிழகத்திலிருந்து மலாயாவின் ரப்பர்த் தோட்டத்திற்குக் கப்பலேறியவர். அவருடைய தம்பி இலங்கையின் தேயிலை மலைக்குச் சென்றார். ஒரே ஊர், ஒரே வறுமை. அழைத்துப்போன கங்காணிகள் மட்டுமே வேறு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் செய்துகொள்ளப்பட்ட சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கையில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்கள். சின்னப் பாட்டனாரின் குடும்பம் முதற் கணக்கில் சேர்ந்தது. மலையிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் 'தாயகம் திரும்புவோர்' என்ற பெயருடன் தலைமன்னாரில் கப்பலேறித் தாம் கண்டேயிராத தாயகத்தில் இறங்கினார்கள். குடியுரிமை என்பது தேர்வுத்தாளில் ஒரு காரணம். எங்கள் வீட்டிலோ அது பாட்டியின் அழுகை.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மாணவி, "இதற்குச் சான்று உண்டா ஐயா?" என்றாள்.

சான்றுகளை ஆராய்ந்து எடைபோடுவதே அப்பாடத்தின் உயிர். மறுநாள், மண்டபம் முகாமிலிருந்து சின்னப் பாட்டனார் எழுதிய கடிதத்தை எடுத்துச் சென்றேன். அவள் அதை இருமுறை படித்தாள். "இறுதியில் பணம் கேட்கிறாரே, துன்பத்தைச் சற்றுக் கூட்டியும் எழுதியிருக்கலாம் அல்லவா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கேள்வி முறையானது. அருகிலிருந்த மாணவன், "துன்பத்தைப் பற்றி இதில் ஒரு வரிகூட இல்லையே! அண்ணியின் நலம் கேட்கிறார், ஊரில் வீடு இருந்த இடம் எது என்று கேட்கிறார், பிறகு பணம் கேட்கிறார். அவ்வளவுதான்" என்றான். இருவரும் வாதிட்டனர். தமிழ்க் கடிதம் ஒன்றை அவ்வளவு கூர்ந்து படித்த மாணவரை நான் அதற்குமுன் கண்டதில்லை.

2009இல் இலங்கைப் போர் முடிந்தது. 2016இல் நம் பாடத்திட்டமும் மாறிற்று. குடிமையும் ஆட்சியும், பன்மைச் சமுதாய வாழ்வு, உலகமயம் என்னும் பெரும்பொருள்களை ஒட்டி இப்போது பாடங்கள் அமைந்துள்ளன. இம்முறை பரந்த நோக்குடையது என்பதை மறுக்கவில்லை; ஆயினும், ஒரு நாட்டின் கதையை முதலிலிருந்து முடிவுவரை படிப்பதில் இருந்த அழுத்தம் இதில் குறைவு என்பதே என் கருத்து.

கடிதம் இன்னும் என்னிடம் உள்ளது. கடிதம் எழுதும் பயிற்சி வரும்போது அதன் படியை மாணவர்க்குக் கொடுத்து, எழுதியவர் யார், யாருக்கு, எதற்காக என்று கேட்கிறேன். அவர் எனக்கு என்ன உறவு என்பதை மட்டும் முதலிற் சொல்வதில்லை.