வாலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோடு

ஜனவரி, மழை

ஓரிகன் மாநிலத்தின் வில்லாமெட் பள்ளத்தாக்கில் குளிர்காலம் என்றால் மழையும் தாழ்ந்த மேகமும்தான். சிறு விமானம் வைத்திருப்பவர்கள் இந்த மாதங்களில் பறப்பதைவிடக் கழற்றி மாட்டுவதே அதிகம். இந்தக் குறிப்புகளுக்கு உரியவர் ஓய்வுபெற்ற பொறியாளர். அவருடைய கொட்டகையில் நிற்பது அவரே ரிவெட் அடித்துக் கட்டிய ஆர்.வி.-8. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என இருவர் உட்காரும் அலுமினிய விமானம். மூக்கில் 180 குதிரைத்திறன் லைகமிங் எஞ்சின். இதன் பாகங்களைப் பெட்டி பெட்டியாக விற்கும் வான்ஸ் நிறுவனமும் இதே பள்ளத்தாக்கில், அரோராவில்தான் இருக்கிறது. அதை 1970-களில் தொடங்கியவர் ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வன். அவருடைய வடிவமைப்புகளை வைத்துத் தனி ஆட்கள் கட்டிப் பறக்கவிட்டவை 10,000-ஐத் தாண்டிவிட்டன.

இந்தக் குளிர்காலத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட வேலை, சாகச விமானங்களைப் போலப் புகை விடும் அமைப்பு. ஆலையில் செய்த செஸ்னாவில் இப்படி ஒன்றைப் பொருத்த வேண்டுமென்றால் அனுமதிக் காகிதமே தனிக் கோப்பாகிவிடும். தானே கட்டிய விமானத்தில் அந்தத் தொல்லை குறைவு. கட்டியவருக்கே பழுதுபார்ப்பவர் சான்றிதழ் கிடைக்கும். வருடாந்தரப் பரிசோதனையையும் அவரே செய்து கையெழுத்துப் போடலாம். சுதந்திரம்தான். ஆனால் தப்பு நேர்ந்தால் கை காட்ட வேறு ஆள் இல்லை.

ஜனவரி, கடைசி வாரம்

படம் வரைந்தாயிற்று, ஒரே தாளில் அடங்கிவிட்டது. ஒரு தொட்டி, சின்ன மின்பம்பு, ஹோஸ், எக்ஸாஸ்ட் குழாய்க்குள் நீட்டிய நாசில். தொட்டியில் ஊற்றுவது பாரஃபின் வகைக் கனிம எண்ணெய். சிலிண்டரை விட்டு வெளியேறும் வாயு 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும். அதற்குள் விழும் எண்ணெய் நொடியில் ஆவியாகிறது. எஞ்சின் ஏற்கெனவே ஆக்சிஜனைப் பெரும்பாலும் தின்றுவிட்டதால் குழாய்க்குள் எண்ணெய் பற்றிக்கொள்வதில்லை. வெளிக்காற்று பட்டதும் ஆவி குளிர்ந்து கோடிக்கணக்கான நுண்துளிகளாகிறது. இட்லிச் சட்டியின் மூடியைத் திறந்ததும் எழும் வெண்மையும் இதே வழியில் வருவதுதான். வெயில் அந்தத் துளிகளில் பட்டுச் சிதறுவதால்தான் கோடு வெள்ளையாகத் தெரிகிறது. பிரிட்டனின் ரெட் ஆரோஸ் சாகசக் குழு சிவப்பும் நீலமும் விடுவது டீசலில் சாயம் கலந்து. வீட்டு விமானக்காரருக்கு வெள்ளையே போதும். சாயம் கலந்தால் விமானத்தின் வயிற்றைக் கழுவி மாளாது.

இந்த யோசனைக்கு நூறு வயதாகிவிட்டது. 1922-இல் ஜாக் சாவேஜ் என்ற பிரிட்டிஷ்காரர், முதல் உலகப் போர் முடிந்து மிஞ்சிய எஸ்.இ.5ஏ விமானங்களை வாங்கி, எக்ஸாஸ்ட் குழாய்களை வால் வரை நீட்டி, வானத்தில் எழுதும் தொழிலைத் தொடங்கினார். அந்த ஆண்டு டெர்பி குதிரைப் பந்தய நாளில் எப்சம் திடலுக்கு மேலே அவருடைய விமானி சிரில் டர்னர் எழுதியது ஒரு நாளிதழின் பெயர்: டெய்லி மெயில். நவம்பரில் டர்னரே நியூயார்க் வானத்தில் ‘ஹலோ யு.எஸ்.ஏ.’ என்று எழுதினார். விளம்பரக்காரர்கள் விடுவார்களா? பெப்சி பல ஆண்டுகள் தன் பெயரை இப்படி வானத்தில் எழுத வைத்தது.

பிப்ரவரி

தொட்டியை எங்கே வைப்பது? படத்தில் அது ஒரு கட்டம்தான். ஆனால் இந்த மாதம் முழுவதையும் அதுவே தின்றுவிட்டது.

5 அமெரிக்க கேலன், அதாவது சுமார் 19 லிட்டர். எண்ணெய் தண்ணீரைவிட லேசு என்றாலும் 16 கிலோ வருகிறது. பின்னிருக்கைக்கும் பின்னால், சாமான் வைக்கும் இடத்தில் தாராளமாக இடம் இருக்கிறது; பலர் அங்கேதான் வைக்கிறார்கள். ஆனால் ஆர்.வி.-8-இல் பின்னிருக்கையில் ஆள் ஏறினாலே ஈர்ப்பு மையம் பின்னுக்கு நகரும். பெட்ரோல் தொட்டிகள் இறக்கையின் முன்விளிம்பில் இருப்பதால், பெட்ரோல் தீரத் தீர அது இன்னும் பின்னுக்குப் போகும். பின்னால் ஒருவரை உட்காரவைத்து, புகைத் தொட்டியை நிரப்பி, பெட்ரோல் குறைந்த நிலையில் தரையிறங்குவதாகக் கணக்குப் போட்டார். எண் பின்வரம்பை உரசிக்கொண்டு நின்றது. வரம்பு தாண்டினால் விமானம் உடனே விழுந்துவிடாது. ஸ்டிக் லேசாகும், மூக்கு சொன்னபடி கேட்காது, சுழலில் சிக்கினால் மீள்வது கடினமாகும். அதைத் தெரிந்துகொள்ள யாரும் பறந்து பார்க்க வேண்டியதில்லை.

ஆர்.வி.-8-க்கு இன்னொரு சாமான் அறை உண்டு. எஞ்சின் அறையைப் பிரிக்கும் ஃபயர்வாலுக்கும் காக்பிட்டுக்கும் நடுவில். அங்கே வைத்துக் கணக்குப் போட்டபோது விடை தெளிவானது. தொட்டி நிறைந்திருந்தால் மையம் முன்னுக்கு வரும். எண்ணெய் தீரத் தீரப் பின்னுக்குப் போனாலும், தொட்டி காலியான பிறகு இருக்கும் நிலை ஏறக்குறைய அவர் பறந்து பழகிய பழைய நிலைதான். பின்னால் வைத்தால் புதிய ஆபத்து; முன்னால் வைத்தால் தெரிந்த எல்லை. தனியாகப் பறக்கும்போது முன்வரம்பு தாண்டுகிறதா என்றும் பார்த்தார், தாண்டவில்லை. தொட்டியும் எண்ணெயும் சேர்ந்து அந்த அறைக்கு விதித்த எடைக்குள் அடங்கின. நஷ்டம் ஒன்றே: பயணப் பை வைக்கும் இடம் போயிற்று. வீட்டில் இதை எப்படிச் சொன்னார் என்பது குறிப்பில் இல்லை.

மார்ச், முதல் வாரம்

எக்ஸாஸ்ட் குழாய்கள் கழன்றன. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நாசில், சிலிண்டருக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில். கீழே போகப் போக வாயு ஆறுவதால், வால்பக்கம் வைத்த நாசில் எண்ணெயைப் பாதி ஆவியாகவும் பாதி சொட்டாகவும் துப்பும். துருப்பிடிக்காத எஃகுக் குழாயை வெல்டிங் செய்ய வெளியாளிடம் கொடுத்தார். அலுமினியத்தை ரிவெட் அடிப்பது வேறு, மெல்லிய எஃகை ஓட்டை விழாமல் ஒட்டுவது வேறு.

ஃபயர்வால் வழியாக எண்ணெய் போக எஃகு இணைப்பு. அதற்கு முன்னால் எஃகு வலை போர்த்திய ஹோஸ். எஞ்சின் அறையில் எண்ணெய் கசிந்து சூடான குழாயில் விழுந்தால் அது தீ. எனவே ஒவ்வொரு ஹோஸையும் உரசாமல், எக்ஸாஸ்டைத் தொடாமல் கட்டுவதற்கு ஒரு வார இறுதி முழுக்கப் போனது. தொட்டியின் காற்றுக்குழாயையும் விமானத்துக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்.

மார்ச், மூன்றாம் வாரம்

புகை வரவைப்பது சுலபம். அதை நிறுத்துவதில்தான் வேலை இருக்கிறது. பம்பை அணைத்தாலும் ஹோஸில் மிச்சமிருக்கும் எண்ணெய் எக்ஸாஸ்டுக்குள் ஒழுகும். எக்ஸாஸ்ட் அழுத்தம் எண்ணெய்க் குழாய்க்குள் திரும்பி ஏறவும் பார்க்கும். இரண்டுக்கும் மருந்து, நாசிலுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த, ஒரு திசையில் மட்டும் திறக்கும் செக் வால்வு. அது இல்லாவிட்டால் கோடு சட்டென முடியாமல் இழுத்துக்கொண்டே போகும். அதைவிட மோசம், நின்ற விமானத்தின் குழாயில் எண்ணெய் தேங்கி அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது பற்றிக்கொள்வது.

தலைகீழாகப் பறக்க வேண்டுமென்றால் தொட்டிக்குள் எண்ணெயோடு சேர்ந்து சாயும் எடை கட்டிய ஹோஸ் தேவை. இவருடையது லூப்பும் பேரல் ரோலும்தான். இருக்கையில் அழுத்தம் குறையாதவரை எண்ணெய் அடியிலேயே கிடக்கும் என்பதால் சாதாரணக் குழாயே போதும் என்று முடிவு செய்தார்.

ரிலே, பியூஸ், ஸ்டிக்கில் ஒரு ஸ்விட்ச். ஒரு மாலையில் முடிந்தது.

ஏப்ரல்

நாசிலைக் கழற்றிவிட்டு, ஹோஸ் நுனியை வாளிக்குள் விட்டு ஒரு நிமிடம் பம்பை ஓட்டினார். சுமார் 2 லிட்டர் விழுந்தது. அப்படியானால் தொட்டி ஒன்பது நிமிடத்துக்கு மேல் தாங்கும். எண்ணெய் போதாவிட்டால் கோடு மெலியும். அதிகமானால் ஆவியாகாத மிச்சம் வயிற்றில் படியும். அந்த அளவைத் திருகித் திருத்த ஒரு வால்வு வைத்திருக்கிறார். எடைக் கணக்கைத் திருத்தி விமானக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார்.

மே, தெளிந்த காலை

கிளம்பும் முன் தளத்தில் இருந்தவர்களிடம் சொல்லிவைத்தார். இல்லாவிட்டால் யாராவது தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிடுவார்கள். அமெரிக்க விதிப்படி சாகசப் பறப்பு 1,500 அடிக்குக் கீழே கூடாது, மக்கள் நெருங்கி வாழும் இடத்துக்கு மேலேயும் கூடாது. வயல்வெளிக்கு மேலே 4,000 அடியில் எஞ்சினை முழு வேகத்தில் வைத்து ஸ்விட்சை அழுத்தினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோதுதான் கோடு தெரிந்தது. வேகத்தைக் குறைப்பதற்கு முன் புகையை நிறுத்த வேண்டும். இந்த வரிசை மாறினால் ஆறிய குழாயில் எண்ணெய் கூடிவிடும்.

ஒரு லூப். மேலே ஏறி இறங்கி வரும்போது தன் பழைய பாதையை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார். வட்டம் என்று நினைத்துப் போட்டது முட்டையாக இருந்தது. காற்று வேறு அதைக் கிழக்கே தள்ளிக்கொண்டிருந்தது. இத்தனை காலமும் கீழே நின்று பார்த்த நண்பர்கள் மரியாதைக்காகச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

மே, மறுநாள்

சோப்புத் தண்ணீர், துணி, முதுகுவலி. இடதுபக்க வயிற்றில் எண்ணெய்ப் படலம். அந்தப் பக்க ஓட்டத்தைக் கால் திருகு குறைத்தார். ஹோஸ், வெல்டிங், செக் வால்வு மூன்றும் வருடாந்தரப் பரிசோதனைப் பட்டியலில் ஏறின. பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் இருவருடன் கூட்டுச் சேர்ந்து 55 கேலன் பீப்பாய் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறார். பதினோரு தடவை நிரப்பலாம். அதிலிருந்து தரையில் சிந்தாமல் தொட்டிக்கு ஏற்ற, இப்போது ஒரு கைப்பம்பு தேடிக்கொண்டிருக்கிறார்.